முத்துலட்சுமி ரெட்டி சட்டசபையில் குழந்தைகளுக்காகச் செய்தது என்ன?

சட்டம் படிக்கும் ஒரு மாணவி கேட்டிருக்கும் கேள்வி இது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னை மாகாணச் சட்டசபையில் நான்கு ஆண்டுகூட முழுதாக இருக்கவில்லை. தேவதாசி முறையை ஒழித்த சட்டம் 1947இல் வந்தபோது அவர் சபையிலேயே இல்லை. குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் ஹர்பிலாஸ் சாரதா, அதுவும் மத்திய சட்டசபையில். அப்படியிருக்க, ஒரு சட்டசபை உறுப்பினர் என்ற முறையில் அவர் குழந்தைகளுக்குச் செய்தது என்ன? புகழ் எல்லாம் மருத்துவர் என்பதற்காகவும் புற்றுநோய் மருத்துவமனைக்காகவும் வந்ததுதானா?

நியாயமான கேள்வி. பள்ளிப் பாடப்புத்தகங்கள் இதற்கு இடம் கொடுத்துவிட்டன. "முதல் பெண்", "முதல் பெண்" என்று அடுக்கிக்கொண்டே போகிறார்களே ஒழிய, அந்த முதல் பெண் சபைக்குள் போய் என்ன வேலை பார்த்தார் என்று யாரும் சொல்வதில்லை. பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைகளை எங்கே தங்கவைப்பது என்று முடிவெடுக்கும் ஒரு மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவில் நான் மூன்று ஆண்டு உறுப்பினராக இருந்தவள். அந்த மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்த பிறகுதான் முத்துலட்சுமியின் சட்டசபை வேலை எவ்வளவு நுட்பமானது என்று எனக்கே விளங்கியது. அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

முதலில் அவர் எந்தச் சபையில் இருந்தார் என்று பார்த்துவிடுவோம். அது இன்றைய சட்டமன்றம் அல்ல. 1919ஆம் ஆண்டுச் சட்டப்படி நடந்த இரட்டை ஆட்சி. கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி போன்றவை இந்திய அமைச்சர்களிடம். போலீஸ், நீதி, நிதி போன்றவை கவர்னரிடமும் அவருடைய நிர்வாகக் குழுவிடமும். வாக்குரிமையும் சொத்து, வரி அடிப்படையில் சிறு பகுதியினருக்கு மட்டுமே. சென்னை மாகாணம் 1921லேயே பெண்களுக்கு வாக்குரிமை தந்துவிட்டது. ஆனால் உறுப்பினராகும் உரிமை 1926இல்தான் வந்தது. அந்தத் தேர்தலில் மங்களூரில் நின்ற கமலாதேவி சட்டோபாத்யாய் சொற்ப வாக்குகளில் தோற்றார். ஆகவே பெண் குரல் ஒன்று சபைக்குள் வர வேண்டுமானால் நியமனம்தான் வழி என்றாகியது. 1917இல் அடையாற்றில் தொடங்கிய இந்திய மாதர் சங்கம் முத்துலட்சுமியின் பெயரை முன்வைத்தது. மருத்துவத் தொழிலை விட்டுவிட்டு வருவதா என்று அவர் தயங்கினார். பிறகு ஒப்புக்கொண்டார். 1927 தொடக்கத்தில் சபைக்குள் நுழைந்தவரை உறுப்பினர்கள் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுத்தார்கள். நூற்றுக்கு மேற்பட்ட ஆண்கள் உட்கார்ந்திருந்த மன்றத்தில் அவர் ஒருவரே பெண்.

அவர் யார் என்பதையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் எடுத்த பிரச்சினைகள் அங்கிருந்தே வருகின்றன. 1886 ஜூலை 30 அன்று புதுக்கோட்டை சமஸ்தானத்தில் பிறந்தவர். தந்தை நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் முதல்வர். தாய் சந்திரம்மாள், பொட்டுக் கட்டும் வழக்கம், அதாவது பெண் குழந்தையைத் தேவதாசியாகக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் வழக்கம் இருந்த குலத்தில் பிறந்தவர். ஆண்கள் மட்டுமே படித்த அந்தக் கல்லூரியில் இந்தப் பெண்ணைச் சேர்க்க எதிர்ப்பு கிளம்பியபோது மன்னர் அனுமதி தந்தார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரி, 1912இல் பட்டம். பிறகு 1925இல் பெண்கள், குழந்தைகள் மருத்துவத்தில் மேற்பயிற்சிக்காக இங்கிலாந்து சென்றார். பிள்ளைத்தாய்ச்சிகளாக வந்த சிறுமிகளைப் பிரசவ அறையில் கண்ணால் பார்த்தவர். குலத்தின் பெயரால் ஒரு பெண் குழந்தையின் வாழ்க்கை எப்படி முன்கூட்டியே எழுதப்பட்டுவிடுகிறது என்பதையும் சொந்த வீட்டு வழியாகவே அறிந்தவர். சபையில் அவர் பேசியது இந்த இரண்டிலிருந்தும்தான்.

இனி பொட்டுக் கட்டுதல் பற்றிய வேலைக்கு வருகிறேன். இந்தக் கேள்விக்கு உண்மையான பதில் இங்கேதான் இருக்கிறது.

சட்டம் ஏற்கெனவே இல்லாமல் இல்லை. இந்திய தண்டனைச் சட்டத்தின் 372, 373ஆம் பிரிவுகள் சிறுமிகளைப் பாலியல் தொழிலுக்காக விற்பதையும் வாங்குவதையும் 1860 முதலே குற்றமாக்கியிருந்தன. 1924இல் வயது வரம்பும் 16இலிருந்து 18ஆக உயர்ந்தது. ஆனால் கோயிலில் பொட்டுக் கட்டும்போது அதை விற்பனை என்று யார் சொல்வார்கள்? பருவம் எய்தாத ஒரு சிறுமிக்கு, சாமி முன்னால், மேளதாளத்தோடு, உறவினர் நிறைந்திருக்க, மங்கலச் சடங்காகத் தாலி கட்டப்படுகிறது. பின்னால் அவளுக்கு என்ன நேரப்போகிறது என்பது அந்தக் கணத்தில் குற்றமாகத் தெரியாது. அந்த நோக்கத்தோடுதான் செய்தார்கள் என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். சாட்சி சொல்ல வேண்டியவர்களோ அதே சடங்கில் சந்தனம் வாங்கிக்கொண்டவர்கள். சட்டப் புத்தகத்தில் பிரிவு இருந்தும் குழந்தைக்குப் பயன் இல்லாமல் போனது இப்படித்தான்.

1927 நவம்பரில் முத்துலட்சுமி ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். இளம் பெண்களைக் கோயில்களுக்கு நேர்ந்துவிடும் வழக்கத்தை நிறுத்த விரைவில் சட்டம் இயற்ற வேண்டும் என்று அரசுக்குப் பரிந்துரைப்பது அதன் சாரம். சபை ஏற்றுக்கொண்டது. பாடப்புத்தகங்கள் இங்கே கைதட்டிவிட்டு 1947க்குத் தாவிவிடும். ஆனால் பரிந்துரைத் தீர்மானம் என்பது அரசைக் கட்டுப்படுத்தாது. "கருத்தில் கொள்கிறோம்" என்று சொல்லிக் கோப்பில் வைத்துவிடலாம். அதை அவர் நன்றாக அறிந்திருந்தார். அதனால் அடுத்து எடுத்த அடியை நான் அவருடைய வாழ்க்கையின் மிக முக்கியமான சட்டப்பணி என்பேன்: 1929ஆம் ஆண்டு இனாம் நிலத் (மானிய நிலத்) திருத்தம்.

இதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். கோயில் பணி செய்யும் தேவதாசிக்கு ஊதியமாக மானிய நிலம் இருந்தது. நிலம் அவளுடையது போலத் தோன்றும். ஆனால் அது சேவையோடு பிணைந்த நிலம். பணி நின்றால் நிலம் போகும். அவளுக்கு வயதாகிறது, ஆடவும் கும்ப ஆரத்தி எடுக்கவும் இன்னொருத்தி வேண்டும். மகள் இருந்தால் மகள். இல்லையென்றால் ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுக்க வேண்டும். அந்தக் குழந்தைக்குப் பொட்டுக் கட்டினால்தான் வீட்டுக்கு அரிசி வரும் நிலம் கையில் நிற்கும். ஆக, ஒரு பாட்டியின் கஞ்சிக்கும் ஒரு சிறுமியின் கழுத்துக்கும் நடுவே ஒரு நிலப்பட்டா இருந்தது. தாய் எவ்வளவு பாசமுள்ளவளாக இருந்தாலும் அந்தப் பட்டா அவளைத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

முத்துலட்சுமி கைவைத்தது அந்தப் பட்டாவில்தான். இந்து சமய அறநிலையச் சட்டத்துக்கு அவர் கொண்டுவந்த திருத்தம், தேவதாசிகளின் மானிய நிலங்களைக் கோயில் பணி என்ற நிபந்தனையிலிருந்து விடுவிக்க வழி செய்தது. பணி செய்யாவிட்டாலும் பிழைப்பு போகாது. யாரையும் சிறையில் தள்ளவில்லை, யாரையும் இழிவாகப் பேசும் பிரிவு எதுவும் இல்லை. பெரியவர்களுடைய சோற்றைக் காப்பாற்றியதன் மூலம் குழந்தையை நேர்ந்துவிட வேண்டிய கட்டாயத்தை அவிழ்த்தார். 1929 பிப்ரவரியில் அது நிறைவேறியது. ஒரு தனி உறுப்பினர், அதுவும் நியமன உறுப்பினர், தன் முயற்சியில் சபையைக் கொண்டு நிறைவேற்றிய சட்டம் அது. 1947 சட்டம் வந்தபோது ஒழிக்க வேண்டிய வழக்கத்தின் பொருளாதார வேரில் பாதியை இந்தத் திருத்தம் முன்பே அறுத்திருந்தது என்பது என் கருத்து.

1930 தொடக்கத்தில், நேர்ந்துவிடுவதையே தடைசெய்யும் மசோதாவை அவர் அறிமுகப்படுத்தினார். அது சட்டமாகுமுன் அவர் சபையைவிட்டு வெளியேறிவிட்டார். பதினேழு ஆண்டு கழித்து ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில் சென்னை தேவதாசிகள் (நேர்ந்துவிடுதல் தடுப்பு) சட்டம் வந்தது. இடைப்பட்ட காலத்தில் சுயமரியாதை இயக்கமும், மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் ஊர் ஊராகச் சென்று செய்த பிரசாரத்தைச் சொல்லாமல் 1947ஐச் சொல்வது பெரிய அநியாயம்.

எதிர்ப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். காங்கிரஸின் முக்கியப் பேச்சாளரான சத்தியமூர்த்தி எதிர்ப்பக்கம் நின்றார். அவருக்குச் சபையில் கொடுக்கப்பட்டதாகச் சொல்லப்படும் சூடான பதிலடி ஒன்று மேடைதோறும் உலவுகிறது. அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. அந்த ஒரு வரியையே பேசிப் பேசி நிலத் திருத்தத்தை எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்பது என் நெடுநாள் வருத்தம்.

இதைவிடக் கனமான எதிர்ப்பு வேறொரு திசையிலிருந்து வந்தது. தேவதாசிப் பெண்களே சங்கம் கூடி அரசுக்கு விண்ணப்பம் அனுப்பினார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற பெரும் கலைஞர்கள் அந்தப் பக்கம் இருந்தார்கள். எங்களைப் பாலியல் தொழிலாளிகளோடு ஒன்றாக வைத்துப் பேசாதீர்கள், எங்களுக்குச் சொத்துரிமை உண்டு, கல்வி உண்டு, கலை உண்டு, சீர்திருத்த வேண்டுமானால் எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கொடுங்கள் என்பது அவர்கள் வாதம். இன்று ஆய்வாளர்கள் பலர் இந்தக் குரலை மீட்டெடுத்திருக்கிறார்கள், நல்லதுதான். முத்துலட்சுமியின் பேச்சில் அந்தப் பெண்களைப் பற்றிய கடுமை சில இடங்களில் எல்லை மீறுகிறது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். வயது வந்த ஒரு பெண்ணின் கலை, சொத்து, மானம் ஆகியவற்றை அவர் இன்னும் பொறுமையாகக் கேட்டிருக்கலாம். ஆனால் எட்டு வயதுக் குழந்தைக்குப் பொட்டுக் கட்டும் உரிமை எந்தக் கலைக்கும் கிடையாது. அந்த இடத்தில் அவர் ஓர் அங்குலம்கூட விட்டுக்கொடுக்காமல் நின்றது சரி என்றே இன்றும் நம்புகிறேன்.

அடுத்தது குழந்தைத் திருமணம். திருமண வயதை நிர்ணயிக்கும் அதிகாரம் மாகாணச் சபையிடம் இல்லை; அது மத்திய சட்டசபையின் வேலை. அதிகாரம் இல்லாத விஷயத்தில் ஒரு மாகாண உறுப்பினர் என்ன செய்ய முடியும்? 1928இல் அவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பெண்ணுக்கு 16, ஆணுக்கு 21 என்று குறைந்தபட்ச வயது வேண்டும் எனச் சென்னைச் சபை மேலே பரிந்துரைத்தது. அப்போது சாரதாவின் மசோதா டெல்லியில் இழுபட்டுக்கொண்டிருந்தது, அதே ஆண்டில் அமைந்த மோரோபந்த் ஜோஷி தலைமையிலான குழு நாடு முழுவதும் சாட்சியம் கேட்டது. "மக்கள் தயாராக இல்லை, தெற்கே வைதிகர்கள் கொதிப்பார்கள்" என்பதே எதிர்ப்பவர்களின் வாதம். தெற்கின் சட்டசபையே அதைவிட உயர்ந்த வயதைக் கேட்டுத் தீர்மானம் போட்டுவிட்டால் அந்த வாதம் பலமிழக்கும் அல்லவா? பரிந்துரைத் தீர்மானத்துக்கு இருக்கும் உண்மையான பலம் இதுதான். தன் சபையின் அதிகாரத்துக்கு வெளியே இருக்கும் ஒரு விவாதத்தில் தன் மாகாணத்தின் பெயரை ஒரு பக்கம் சேர்ப்பது.

1929 செப்டம்பரில் சாரதா சட்டம் நிறைவேறியது. பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18. முத்துலட்சுமி கேட்ட வயதைவிடக் குறைவு. நடைமுறைக்கு வந்தது 1930 ஏப்ரல் 1. இடையில் ஆறு மாதம் அவகாசம். அந்த ஆறு மாதத்தில் நாடெங்கும் குழந்தைகளுக்கு அவசர அவசரமாகக் கல்யாணம் செய்து வைத்தார்கள். அதன் தடம் 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே பதிவாகியிருக்கிறது. சட்டத்துக்குள்ளும் ஓட்டைகள். போலீஸ் தானாக நடவடிக்கை எடுக்க முடியாது. யாராவது ஒருவர் நீதிமன்றம் போய்ப் புகார் தர வேண்டும். அப்படித் தருபவர், புகார் பொய்த்தால் நஷ்டஈடு கொடுக்க 100 ரூபாய் வரை பிணைமுறி எழுதித் தரவேண்டி வரும். 1930இல் நூறு ரூபாய் என்பது ஒரு கிராமத்து ஆசிரியரால் நினைத்துப் பார்க்க முடியாத தொகை. யார் தருவார் புகார்? பெற்றோருக்குத் தண்டனை அதிகபட்சம் ஒரு மாத வெறுங்காவல், அபராதம். அதையும் மீறி நடந்த திருமணம் செல்லும்.

நான் குழுவில் இருந்தபோது இந்தப் பழைய பிரிவுகளை எடுத்துப் படித்தது சும்மா ஆர்வத்தால் அல்ல. ஒரு குழந்தை நலச் சட்டத்தைப் பார்த்தால் முதலில் இரண்டு விஷயங்களைத் தேடுங்கள் என்று இளம் வழக்கறிஞர்களிடம் சொல்வேன். யார் தகவல் சொல்வார்கள், சொன்னால் அவர்களுக்கு என்ன ஆகும் என்பது ஒன்று. தகவல் வந்த அன்று இரவு அந்தக் குழந்தை எங்கே படுக்கும் என்பது மற்றொன்று. சாரதா சட்டம் முதல் கேள்வியில் தோற்றது. 1978 திருத்தம் வயதை 18, 21 ஆக்கியது. 2006ஆம் ஆண்டுச் சட்டம்தான் போலீஸ் நேரடியாக நடவடிக்கை எடுக்கும் குற்றமாகவும் ஜாமீனில் விட முடியாத குற்றமாகவும் அதை மாற்றித் தடுப்பு அலுவலர்களையும் கொண்டுவந்தது. ஏறத்தாழ எண்பது ஆண்டு ஆகியிருக்கிறது, முதல் கேள்விக்குப் பதில் எழுத.

இரண்டாம் கேள்விக்கு ஓர் இரவைச் சொல்கிறேன். ஊர், ஆண்டு, பெயர் எதுவும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. மறுநாள் முகூர்த்தம். குழந்தைகள் உதவி எண் 1098க்கு யாரோ தகவல் தந்து, சமூக நல அலுவலரும் போலீஸும் போய் நிறுத்தி, மாலை ஆறு மணிக்குப் பெண்ணை எங்கள் அலுவலகத்துக்கு அழைத்து வந்தார்கள். பதினாறு வயது. முழங்கை வரை மருதாணி, இன்னும் சிவப்பு மங்கவில்லை. கையில் ஒரு மஞ்சள் பை. அதில் ஒரு மாற்றுச் சுடிதாரும் பதினொன்றாம் வகுப்பு வேதியியல் நோட்டும். வெளியே வராந்தாவில் அவளுடைய அம்மா அழுதுகொண்டிருந்தார். மாமன் ஒருவர், "கடன் வாங்கிச் சமையலுக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று, அதை நீங்கள் தருவீர்களா" என்று கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்கு அனுப்பினால் விடியற்காலையில் வேறொரு கோயிலில் தாலி ஏறிவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். பெண் பிள்ளைகளுக்கான இல்லத்தில் அன்று இடம் இல்லை. அடுத்த இல்லம் எழுபது கிலோமீட்டர். வண்டி இல்லை. ஒன்பதரை மணி வரை நான் தொலைபேசியைக் கீழே வைக்கவில்லை. அந்தப் பெண் பெஞ்சில் உட்கார்ந்தபடியே, நோட்டை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டாள். சட்டம் எல்லாம் சரியாகவே இருந்தது அன்று. கட்டில் ஒன்றுதான் இல்லை.

முத்துலட்சுமியின் வீட்டுக் கதவும் ஓர் இரவில் தட்டப்பட்டது. பொட்டுக் கட்டும் வாழ்க்கை வேண்டாம் என்று ஓடிவந்த மூன்று பெண்கள். அவர்களைச் சேர்த்துக்கொள்ளும்படி விடுதிகளைக் கேட்டார். அவர்கள் பிறந்த குலத்தைக் காரணம் காட்டி இடம் தர மறுத்தார்கள். சபையில் தீர்மானம், திருத்தம், மசோதா எல்லாம் கொண்டுவந்தவருக்கு முன்னால் மூன்று பெண்கள் பையோடு நின்றார்கள். தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அதுதான் அவ்வை இல்லமாக வளர்ந்தது. இன்றும் அடையாற்றில் இருக்கிறது. அவருடைய வரலாற்றை எழுதுபவர்கள் சட்டசபையை ஓர் அத்தியாயமாகவும் அவ்வை இல்லத்தை "சமூக சேவை" என்ற வேறொரு அத்தியாயமாகவும் பிரிக்கிறார்கள். எனக்கு அது ஒரே வேலையின் இரண்டு முனைகள். சட்டம் ஒரு குழந்தையை ஓர் இடத்திலிருந்து வெளியே எடுக்கிறது. எடுத்த குழந்தையை வாங்கிக்கொள்ளும் கை எது என்பதைச் சட்டம் செய்தவரே யோசிக்க வேண்டியிருந்தது.

மற்ற வேலைகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவமனை வேண்டும் என்று சபையில் தீர்மானம் கொண்டுவந்தார். அதன் பயனாக மகப்பேறு மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவு தொடங்கியது. நகராட்சி, உள்ளாட்சிப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு ஒழுங்கான மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்று வலியுறுத்தினார். பெண்களையும் சிறுமிகளையும் கடத்தி விபசார விடுதிகளில் வைப்பதைத் தடுக்கும் சென்னைச் சட்டம் 1930இல் வந்ததில் அவருடைய உழைப்பு பெரிது. கல்வி நிலையை ஆராய்ந்த ஹார்டாக் குழுவிலும் அவர் உறுப்பினர். அந்தக் குழு கண்ட ஒரு கணக்கு எனக்கு மறக்கவே மறக்காது: 1922-23இல் முதல் வகுப்பில் சேர்ந்த நூறு பிள்ளைகளில் 1925-26இல் நான்காம் வகுப்பில் இருந்தவர்கள் 18 பேர். மற்ற 82 பேர் எங்கே போனார்கள் என்று கேட்பவர்தான் குழந்தை நலத்தைப் பற்றிப் பேசத் தகுதியுள்ளவர்.

குழந்தைகளுக்கான தனிச் சட்டம் என்ற விஷயத்தில் சென்னை மாகாணம் ஏற்கெனவே முன்னோடி என்பதையும் நினைவில் வையுங்கள். இந்தியாவின் முதல் குழந்தைகள் சட்டம் 1920இல் சென்னையில் வந்தது. வங்காளமும் பம்பாயும் பிறகுதான் இயற்றின. ஆகவே முத்துலட்சுமி வெற்று நிலத்தில் நின்று பேசவில்லை. ஆனால் அந்தச் சட்டம் குற்றம் செய்த, கைவிடப்பட்ட சிறுவர்களையே பெரிதும் கண்டது. வீட்டுக்குள்ளும் கோயிலுக்குள்ளும் சடங்கோடும் மரியாதையோடும் பாழாக்கப்படும் பெண் குழந்தை அதன் கண்ணுக்குப் படவே இல்லை. அந்தக் குழந்தையைச் சபையின் கண்முன் கொண்டுவந்து நிறுத்தியது அவர்.

1930 மே மாதம் காந்தி கைது செய்யப்பட்டார். அதைக் கண்டித்து முத்துலட்சுமி பதவியைவிட்டு விலகினார். இந்த முடிவு சரியா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அவருடைய மசோதா சபையில் இருந்தது. இன்னும் ஓராண்டு உள்ளே இருந்திருந்தால் அது சட்டமாகியிருக்குமோ, பதினேழு ஆண்டுகளில் எத்தனை சிறுமிகள் தப்பியிருப்பார்கள் என்று மனம் கணக்குப் போடுகிறது. அதே சமயம், நியமனத்தால் வந்த ஒருவர், நியமித்த அரசு நாட்டையே சிறையில் வைக்கும்போது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பது எப்படி என்றும் தோன்றுகிறது. என்னால் முடிவு சொல்ல முடியவில்லை. சபையிலிருந்த அந்தக் காலத்தில் தாம் செய்ததை அதே ஆண்டில் ஒரு நூலாகவே அவர் எழுதிவைத்துவிட்டுப் போனார் என்பது மட்டும் நமக்குக் கிடைத்த பேறு. பின்னாளில் மாநிலச் சமூக நல வாரியத்தின் தலைமை, 1954இல் செயல்படத் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, 1956இல் பத்ம பூஷண். 1968 ஜூலை 22 அன்று மறைந்தார். ஏழைக் கர்ப்பிணிகளுக்குத் தமிழக அரசு தரும் மகப்பேறு நிதியுதவி இன்று அவர் பெயரில்தான் போகிறது.

கேட்டவர் சட்ட மாணவி என்பதால் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். இன்றைய சட்டமன்ற உறுப்பினருக்கு முத்துலட்சுமியைவிட அதிகமான கருவிகள் கையில் உண்டு. குழந்தைகள், தத்தெடுப்பு, திருமணம், கல்வி எல்லாம் பொதுப்பட்டியலில் இருக்கின்றன. மாநிலம் சட்டம் இயற்றலாம். அது முடியாவிட்டாலும் கேள்வி நேரம் இருக்கிறது, சமூக நலத்துறை மானியக் கோரிக்கை விவாதம் இருக்கிறது. என் மாவட்டத்தில் குழந்தைகள் நலக் குழுவில் எத்தனை இடம் காலி, பெண் குழந்தைகள் இல்லத்தில் எத்தனை கட்டில், இரவில் குழந்தையை ஏற்றிச் செல்ல வண்டி உண்டா என்று எழுத்துமூலம் ஒரு கேள்வி கேட்டால் போதும், துறை பதில் தேடி ஓடும். என் மூன்று ஆண்டில் அப்படி ஒரு கேள்வி எங்கள் மாவட்டத்திலிருந்து போனதாக நான் கேள்விப்படவில்லை. சிலை திறப்புக்கு வந்தவர்கள் அந்த இல்லத்தின் கட்டிலை எண்ணிப் பார்க்க வந்ததில்லை.

நீங்கள் எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போக முடிந்தால் பழைய சட்டசபை நடவடிக்கைக் குறிப்புகளை எடுத்துப் பாருங்கள். 1927 நவம்பர் தீர்மானத்தின் மீது நடந்த விவாதத்தை எல்லோரும் படிப்பார்கள், அதில் உணர்ச்சி இருக்கிறது. நீங்கள் 1929 பிப்ரவரிக்குப் போங்கள். மானியம், தீர்வை, நிபந்தனை என்று வறண்ட சொற்களாக இருக்கும். அந்த ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஒரு வீடும், அந்த வீட்டில் ஒரு சிறுமியும் இருக்கிறாள் என்று வைத்துக்கொண்டு படியுங்கள். நீங்கள் கேட்டதற்கு அவரே பதில் சொல்லியிருப்பார்.

அந்த மருதாணிப் பெண்ணுக்கு அன்றிரவு பத்து மணிக்கு ஒரு வண்டி கிடைத்தது. எழுபது கிலோமீட்டர் தள்ளி இருந்த இல்லத்தில் விளக்கைப் போட்டுக்கொண்டு காத்திருந்தார்கள். அடுத்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதினாள். வேதியியலில் மதிப்பெண் குறைந்துவிட்டது என்று தொலைபேசியில் அழுதாள்.